ரத்தத்தில் எழுதியிருப்பது என்ன? விஞ்ஞானி ஹால்டேன் வாழ்க்கை

கம்பம் பள்ளத்தாக்கிலே எந்த ஊர்த் தேநீர்க் கடையிலாவது போய் உட்காருங்கள். கூடலூரானாலும் சரி, சின்னமனூரானாலும் சரி, போடியானாலும் சரி. விடியற்காலையில் ஏலத் தோட்டத்துக்கு ஜீப் ஏறக் காத்திருக்கும் தோழரிடமும், மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்து வரும் தோழரிடமும், திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கப் போகும் தோழரிடமும் மூன்றே மூன்று கேள்விகளைப் போட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: பிறக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தாயினால் ஆவதா, தகப்பனால் ஆவதா? இரண்டாவது கேள்வி: ஒருவன் என்ன ஜாதி, அவன் யோக்கியனா திருடனா என்பதை அவன் ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? மூன்றாவது கேள்வி: அக்காள் மகளைக் கட்டினால் சொத்தும் சொந்தமும் கைவிட்டுப் போகாது என்கிறார்களே, அதனால் பிறக்கும் பிள்ளைக்குக் கேடு ஏதாவது வருமா, வராதா?

இவை பள்ளிக்கூடப் பரீட்சைக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல, தோழர்களே! முதல் கேள்விக்குத் தவறான விடை சொல்லித்தான், மூன்றாவதும் பெண்ணாகப் பெற்றவளை மூதேவி என்று ஏசினார்கள். இரண்டாவது கேள்விக்குத் தவறான விடை எழுதித்தான், வெள்ளைக்கார சர்க்கார் இந்தப் பக்கத்து மக்களின் கைரேகையை உருட்டி எடுத்தது. மூன்றாவது கேள்வியை யாரும் கேட்காமலே விட்டதால்தான், சில பெற்றோர் நோயுற்ற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறார்கள்.

இந்த மூன்று கேள்விகளும் பரம்பரை பற்றியவை. அந்தப் பரம்பரை விஞ்ஞானத்துக்கே தன் ஆயுளைக் கொடுத்தவர் ஒருவர். பிரபுக்கள் வீட்டிலே பிறந்து, தொழிலாளர் பத்திரிகையிலே எழுதி, இந்தியப் பிரஜையாக மாறி, ஒரிஸ்ஸாவிலே கண்மூடி, ஆந்திரத்து மருத்துவ மாணவர்களுக்குத் தன் உடலையே கொடுத்துவிட்டுப் போனவர். அவர்தான் ஜே. பி. எஸ். ஹால்டேன். அவருடைய வாழ்க்கையைப் படித்தால் நம் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

சுரங்கத்திலே தொடங்கிய பாடம்

1892 நவம்பர் 5-ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் பிறந்தார் ஹால்டேன். ஸ்காட்லாந்தின் பழைய நிலப்பிரபுக் குடும்பம். பெரிய தகப்பனார் பிரிட்டிஷ் மந்திரிசபையிலே யுத்த மந்திரியாக இருந்தவர். ஆனால் தகப்பனார் ஜான் ஸ்காட் ஹால்டேன் வேறு மாதிரி மனிதர். நிலக்கரிச் சுரங்கம் வெடித்துத் தொழிலாளர்கள் செத்தால், பிணங்களைப் பரிசோதித்து அவர்கள் எதனால் செத்தார்கள் என்று ஆராய்வது அவர் வேலை. வெடியைவிட அதிகமான பேரைக் கொன்றது வெடிக்குப் பின் பரவிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு என்பதைக் கண்டு சொன்னவர் அவர். மனிதனுக்கு முன்பே மயங்கி விழுந்து எச்சரிக்கை தருவதற்காகச் சின்னஞ்சிறு பறவையைச் சுரங்கத்துக்குள் கொண்டு போகும் வழக்கம் அவர் யோசனையால் வந்தது.

அந்தத் தகப்பன் சிறுவனாக இருந்த மகனையும் சுரங்கத்துக்குள் கூட்டிப் போனார். கூரையோரம் வாயு தேங்கியிருந்த இடத்திலே மகனை எழுந்து நின்று மனப்பாடப் பகுதி ஒன்றைச் சொல்லச் சொன்னார். சொல்லிக்கொண்டு வந்த பையன் தலைசுற்றிக் கீழே விழுந்தான். தரையோரம் நல்ல காற்று இருந்தது, தெளிந்து எழுந்தான். அந்த வாயு காற்றைவிட லேசானது, மேலே தேங்கும் என்ற பாடம் அவனுக்கு ஆயுளுக்கும் மறக்கவில்லை. பாழுங்கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் காற்றைச் சோதிக்காமலே ஏழையை இறக்கிவிட்டுப் பிணமாக எடுக்கிற கொடுமை இன்றும் தொடர்கிற நம் நாட்டிலே, இந்தப் பாடம் பழசாகிவிடவில்லை.

எட்டு ஒன்பது வயதிலே தகப்பனாரோடு ஒரு சொற்பொழிவுக்குப் போனான் பையன். மெண்டல் என்ற பாதிரியார் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்ட பரம்பரை விதிகளைப் பற்றிய சொற்பொழிவு அது. மெண்டல் அதை 1866-இலேயே அச்சிட்டார். உலகம் 1900-இலேதான் கண் திறந்து பார்த்தது. பின்னாளில் ஹால்டேனும் தங்கை நவோமியும் நண்பர் ஒருவரும் சேர்ந்து எலிகளை வளர்த்து, சில குணங்கள் ஜோடி சேர்ந்தே பிள்ளைகளுக்கு இறங்குவதைக் கண்டார்கள். 1915-இல் அந்த ஆராய்ச்சி அச்சேறிய ஆண்டிலேயே அந்த நண்பர் உலக யுத்தத்தில் மாண்டார். ஹால்டேனும் போர்முனையில் இருந்தார். மெசபடோமியாவில் காயம்பட்ட அவரை, குணமாவதற்காக அனுப்பி வைத்த தேசம் எது தெரியுமா? இந்தியா! அதுதான் அவர் நம் மண்ணை முதன்முதலில் பார்த்த சந்தர்ப்பம்.

இன்னொரு வேடிக்கை. கல்லூரியிலே அவர் வாங்கிய பட்டம் கணிதத்திலும் கிரேக்க, லத்தீன் இலக்கியத்திலும் தத்துவத்திலும்தான். விஞ்ஞானத்திலே அவருக்குப் பட்டமே கிடையாது!

முதல் கேள்விக்கு விடை

இங்கே கொஞ்சம் நின்று நம் உடம்பைப் பார்ப்போம். வீடு செங்கல்லால் ஆனதுபோல் உடல் உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொரு உயிரணுவின் நடுவிலும் நூல்நூலாக இருப்பவை குரோமோசோம்கள். மனிதனுக்கு அவை 23 ஜோடி, மொத்தம் 46. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய் கொடுத்தது, ஒன்று தகப்பன் கொடுத்தது. இந்த நூல்களிலே மணிமணியாகக் கோத்திருப்பவைதான் ஜீன்கள். ஏறக்குறைய 20,000 ஜீன்கள் உண்டு. உடம்பைக் கட்டும் குறிப்புகள் இவை. குரோமோசோம் 46 என்று திட்டமாகத் தெரிந்ததே 1956-இலேதான். அதற்கு முன் படித்தவர்களும் பாடப் புத்தகங்களும் 48 என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே, தெரியாமல் இருப்பது வெட்கமல்ல. தெரிந்த பிறகும் திருந்தாமல் இருப்பதுதான் வெட்கம்.

அந்த 23 ஜோடியில் ஒரு ஜோடிதான் ஆண், பெண் என்பதைத் தீர்மானிப்பது. பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். ஆணுக்கு ஒன்று எக்ஸ், ஒன்று ஒய். தாயின் கருமுட்டை எப்போதும் எக்ஸைத்தான் சுமந்து வரும். அவளிடம் வேறு கிடையாது. தகப்பனின் விந்தணுவிலே பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண், ஒய் வந்து சேர்ந்தால் ஆண். 1905-இல் இந்த உண்மையைப் புழுக்களின் உயிரணுக்களிலே கண்டு சொன்னவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவர் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகள்!

விடை கிடைத்ததா? பெண் பிறந்ததற்குத் தாயைக் குற்றம் சொல்பவன், தான் போட்ட விதைக்கு நிலத்தின் மேல் வழக்குப் போடுகிறான். தகப்பன் மேலும் குற்றமில்லை. அது காசைச் சுண்டிவிட்டால் பூவா தலையா விழுவதைப் போல. பெண் பிறப்பதே குற்றமில்லை என்னும்போது குற்றவாளியைத் தேடுவானேன்? உசிலம்பட்டி வட்டாரத்திலே பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை 1986-இல் நாடே அறிந்தது. கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தது. சட்டம் வந்தால் மட்டும் போதுமா? வீட்டுத் திண்ணையிலே இந்த விஞ்ஞானமும் வரவேண்டாமா?

தன் உடம்பே சோதனைச்சாலை

யுத்தம் முடிந்த பிறகு கேம்பிரிட்ஜிலும், 1933 முதல் லண்டனிலும் பேராசிரியப் பணி. மெண்டலின் விதிகளையும் டார்வினின் பரிணாமத் தத்துவத்தையும் கணிதத்தாலே இணைத்துக் காட்டிய மூவரில் ஹால்டேன் ஒருவர். ஆனால் அவர் எழுதுமேஜைப் பேராசிரியர் அல்ல. ரத்தத்திலே அமிலம் கூடினால் மூச்சு என்னவாகும் என்று தெரிய வேண்டுமா? தண்ணீர் கலந்த அமிலத்தைத் தானே குடித்தார். அமோனியம் குளோரைடைக் கரைத்துத் தானே குடித்து, நாள்கணக்கில் மூச்சு வாங்கினார். சுரங்கத்துக்கு மகனைக் கூட்டிப் போன தகப்பனுக்குப் பிறந்த பிள்ளையல்லவா!

1939 ஜூன் 1-ஆம் தேதி தீட்டிஸ் என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்தின்போது லிவர்பூல் வளைகுடாவில் மூழ்கியது. 99 பேர் மாண்டார்கள். அவர்களிலே பலர் கப்பல் கட்டிய தொழிலாளர்கள். உள்ளே என்ன நடந்திருக்கும் என்று தொழிற்சங்கங்கள் ஹால்டேனைக் கேட்டன. அவர் என்ன செய்தார்? ஸ்பெயின் போரிலே பாசிசத்தை எதிர்த்து நின்ற தோழர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு, காற்றுப் புகாத இரும்புப் பெட்டிக்குள்ளே மணிக்கணக்கில் உட்கார்ந்தார். கெட்ட காற்று மனிதனை எப்படி வாட்டுகிறது என்பதைத் தன் தலைவலியாலும் வாந்தியாலும் அளந்து சொன்னார். பிறகு யுத்தகாலத்திலே நீர்மூழ்கி வீரர்களின் உயிர்காக்கச் செய்த சோதனைகளில் அவர் முதுகெலும்பு நொறுங்கியது. செவிப்பறையும் கிழிந்தது. அந்த முதுகுவலி சாகும்வரை அவரை விடவில்லை. மற்றவன் உடம்பைப் பணயம் வைத்துப் பெயர் வாங்குகிறவர்கள் நிறைந்த உலகத்திலே, தன் உடம்பைப் பணயம் வைத்தவர் அவர்.

ராஜ ரத்தமும் ரேகைச் சட்டமும்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

ஹீமோபிலியா என்று ஒரு நோய். காயம் பட்டால் ரத்தம் உறையாது, ஒழுகிக்கொண்டே இருக்கும். தாய் வழியாக எக்ஸ் குரோமோசோமில் இறங்கி, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைப் பிடிக்கும். இந்த நோயை ஆராய்ந்து, மனித ஜீன் எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை தானாக மாறுகிறது என்று 1935-இல் கணக்கிட்டுக் காட்டினார் ஹால்டேன். 1937-இல் ஜூலியா பெல் என்ற பெண் விஞ்ஞானியோடு சேர்ந்து, ஹீமோபிலியாவும் நிறக்குருடும் ஒரே குரோமோசோமில் அடுத்தடுத்து இருப்பதைக் காட்டினார்.

அந்த நோய் யார் வீட்டிலே புகழ் பெற்றது? விக்டோரியா மகாராணியின் வீட்டிலே! அவர் பெற்ற மகனுக்கு வந்தது. மகள்கள் வழியாகப் பல ராஜ குடும்பங்களுக்குப் போனது. ரஷ்ய ஜார் மன்னனின் ஒரே மகனையும் பிடித்தது. ராஜ ரத்தம், ராஜ ரத்தம் என்றார்களே, அதிலே இருந்தது இதுதான்! இதைப்பற்றியும் எழுதினார் ஹால்டேன்.

இளமையிலே அவருக்கும் ஒரு மயக்கம் இருந்தது. நல்ல வம்சத்தைப் பெருக்கலாம், கெட்ட வம்சத்தைக் குறைக்கலாம் என்ற வாதத்தின் பக்கம் அவரும் கொஞ்சம் சாய்ந்திருந்தார். கணக்குப் போடப்போட அந்த மயக்கம் தெளிந்தது. 1933-இல் ஹிட்லர் சர்க்கார் கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டது. ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் அதற்குப் பலியானார்கள். அமெரிக்காவிலும் பல மாகாணங்களில் அத்தகைய சட்டங்கள் இருந்தன. ஹால்டேன் 1938-இல் பரம்பரையும் அரசியலும் பற்றி ஒரு புத்தகமே எழுதி, இந்த வாதத்துக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை என்று நிரூபித்தார். வறுமையையும் படிப்பின்மையையும் ரத்தத்தின் மேல் சுமத்துவது, ஆளும் வர்க்கம் தன் குற்றத்தை மறைக்கும் தந்திரம் என்று காட்டினார்.

ஜெர்மனி எங்கே, கம்பம் எங்கே என்று கேட்கிறீர்களா? நம் வாசலிலேயே நடந்தது அது. தச்சன் மகன் தச்சன் ஆவதுபோலத் திருடன் மகன் திருடன்தான் ஆவான் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் முடிவு கட்டி, 1871-இல் வடக்கே குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டார்கள். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரை, உசிலம்பட்டி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிகளிலே பிறமலைக் கள்ளர் சமூகத்து ஆண்கள் ரேகை பதிக்க வேண்டும், இரவிலே காவல் நிலையத்தில் அடைபட வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும் என்றது சர்க்கார். செய்த குற்றத்துக்கு அல்ல, பிறந்த குற்றத்துக்கு! 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரிலே ரேகை வைக்க மறுத்த மக்கள் மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். ஓயாத போராட்டங்களுக்குப் பிறகு 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்தது, அந்த எண்ணம் ஒழிந்ததா? இங்கேதான் நாம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அன்று தன் ரத்தத்தைக் கேவலமாகப் பேசியவனை எதிர்த்து மாண்டவர்களின் வாரிசுகள், இன்று இன்னொருவன் ரத்தத்தைக் கேவலமாகப் பேசலாமா? சேரியிலே பிறந்தவன் என்றால் கை நனைக்கமாட்டேன் என்று எந்த ஜாதிக்காரன் சொன்னாலும், அவன் ரேகை எடுத்த வெள்ளைக்காரனின் சிஷ்யன்தான். 1972-இல் லெவான்டின் என்ற விஞ்ஞானி கணக்கிட்டுப் பார்த்தார். மனிதர்களிடையே உள்ள பரம்பரை வேற்றுமையிலே ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று கண்டார். க. விலக்கிலே தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றும்போது பார்ப்பது என்ன? ஏ, பி, ஓ என்ற பிரிவைத்தான். கூடப்பிறந்த தம்பியின் ரத்தம் சேராமல் போகலாம். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தவனின் ரத்தம் உயிரைக் காக்கலாம். இரண்டாவது கேள்விக்கு இதுதான் விடை.

தொழிலாளர் பத்திரிகையும் ஒரு தவறும்

1937 முதல் லண்டனிலே டெய்லி ஒர்க்கர் என்ற கம்யூனிஸ்ட் தினசரியில் ஹால்டேன் வாராவாரம் விஞ்ஞானம் எழுதினார். முந்நூறுக்கு மேற்பட்ட கட்டுரைகள்! சுரங்கத் தொழிலாளியும் பஸ் டிரைவரும் படித்துப் புரிந்துகொள்ளும் நடை. 1941 ஜனவரியில் சர்ச்சில் சர்க்கார் அந்தப் பத்திரிகையைத் தடை செய்தபோது, அதன் ஆசிரியர் குழுவின் தலைவர் அவர்தான். அடுத்த ஆண்டு தடை நீங்கியது. 1942-இல் அவர் கட்சி உறுப்பினராகவும் சேர்ந்தார்.

நம்மவர் என்பதற்காக அவருடைய தவறை மூடி மறைக்கலாமா? கூடாது. சோவியத் நாட்டிலே லைசெங்கோ என்பவர் மெண்டலின் விஞ்ஞானமே முதலாளித்துவச் சரக்கு என்று பேசினார். 1948-இல் அதுவே அரசின் கொள்கையாயிற்று. ஹால்டேனின் நண்பர், உலகம் போற்றிய தாவர விஞ்ஞானி வாவிலோவ், அதற்கு முன்பே 1943-இல் சிறையிலே மாண்டுவிட்டார். உண்மை தெரிந்த ஹால்டேன் உரக்கக் கண்டிக்கவில்லை, சமாதானம் தேடிக்கொண்டிருந்தார். பிறகு 1950 வாக்கிலே கட்சியிலிருந்து மெல்ல விலகிவிட்டார். ஒரு பக்கம் பரம்பரையே எல்லாம் என்றான் ஹிட்லர். மறுபக்கம் அந்த விஞ்ஞானமே பொய் என்றார் லைசெங்கோ. இரண்டிலும் பலியானது மனிதன்தான். விஞ்ஞானத்துக்கு விடை சொல்லவேண்டியது சோதனை. எந்தத் தலைவரின் உத்தரவும் அல்ல, நமக்கு உகந்த தலைவரின் உத்தரவும் அல்ல.

1949-இல் இன்னொரு பெரிய கருத்தைச் சொன்னார் ஹால்டேன். தலசீமியா என்ற ரத்தநோய் மலேரியா மிகுந்த நாடுகளிலே அதிகம் இருப்பானேன்? அந்த ஜீனை இரண்டு பக்கமும் பெற்றவன் நோயில் வாடுகிறான். ஒரு பக்கம் மட்டும் பெற்றவனை மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை. ஆகவே அந்த ஜீன் அழியாமல் தங்கியது என்றார். அரிவாள் வடிவ ரத்த அணு நோய்க்கும் இதே நியாயம்தான் என்று 1954-இல் ஆப்பிரிக்காவிலே அல்லிசன் என்ற விஞ்ஞானி காட்டினார். நம் நீலகிரி மலைமக்களிடையிலும் அந்த ஜீன் இருப்பது 1952-இலேயே தெரிந்தது. 1887 முதல் 1895 வரை பெரியாறு அணை கட்டக் காட்டுக்குள் போய்க் குளிர்காய்ச்சலிலே மாண்ட கூலிகளை நினைக்கும் பள்ளத்தாக்கு இது. மலேரியா என்றால் என்ன என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஜீன் ஓரிடத்திலே கேடயம், வேறிடத்திலே கேடு! உயர்ந்த ரத்தம், தாழ்ந்த ரத்தம் என்ற பேச்சுக்கு இதைவிட மரண அடி உண்டா?

இந்தியப் பிரஜை

1956-இல் பிரிட்டன் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின்மேல் படையெடுத்தது. அதைக் கண்டித்து, 1957-இல் ஹால்டேனும் மனைவி ஹெலன் ஸ்பர்வேயும் இந்தியாவுக்கே குடிவந்தார்கள். கல்கத்தாவில் மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வேலை. ஜிப்பா, வேட்டி, சைவச் சாப்பாடு. 1961-இல் இந்தியப் பிரஜை ஆனார். 1962-இல் புவனேசுவரம் போனார். விலை உயர்ந்த மிஷின் இல்லையே என்று ஏங்கிய இளைஞர்களுக்கு, கண்ணும் நோட்டுப் புத்தகமும் போதும் என்று வழிகாட்டினார். அவரோடு வேலை செய்த டேவிஸ், தென்னை மரங்களிலே ஓலைகள் இடம்சுழியாகவும் வலம்சுழியாகவும் சுற்றி வருவதை மரம் மரமாக எண்ணி ஆராய்ந்தார். இன்னொருவர் பூவின் இதழ்களை எண்ணினார்.

தென்னாட்டிலே நெருங்கிய உறவில் நடக்கும் திருமணங்களும் ஹால்டேனின் கண்ணில் பட்டன. அவர் மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திரத்திலே அதை ஆராய்ந்தார். விஷயம் இதுதான்: ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரட்டை. ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். நம் எல்லாரிடமும் இப்படி மறைந்த பழுது சில உண்டு. மாமனும் மருமகளும் ஒரே கிளையிலிருந்து வந்தவர்கள். இருவரிடமும் அதே பழுது இருக்க இடமுண்டு. ஒரு ஜீனின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாக இருக்கும் வாய்ப்பு, அக்காள் மகளை மணந்தால் பிறக்கும் பிள்ளைக்கு எட்டில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகள் என்றால் பதினாறில் ஒன்று. பயந்து நடுங்க வேண்டாம். மாமன் மகள், அத்தை மகளை மணந்தவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் நூற்றுக்கு இரண்டு மூன்று என்று இருக்கிற பிறவிக் குறை அங்கே ஏறக்குறைய இரு மடங்காகிறது. அக்காள் மகள் என்றால் உறவு இன்னும் நெருக்கம். ஆபத்தும் அதற்கேற்பக் கூடுதல். ஏற்கெனவே வீட்டில் பிறவிச் செவிடோ, ரத்தநோயோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் உறவுக்குள் நிச்சயம் பண்ணக்கூடாது. நிலம் பங்கு போகாமல் இருக்கப் பிள்ளையின் உடம்பைப் பங்கு வைப்பதா? மூன்றாவது கேள்விக்கு இது விடை.

1964 டிசம்பர் 1-ஆம் தேதி புவனேசுவரத்தில் புற்றுநோயால் மறைந்தார் ஹால்டேன். ஆஸ்பத்திரிப் படுக்கையிலே கிடந்து, தன் நோயைப்பற்றியே வேடிக்கைப் பாட்டு எழுதியவர் அவர்! இறந்த பிறகு அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. பிரபு வீட்டுப் பிள்ளையின் உடலைத் தொட்டு மாணவர்கள் பாடம் படித்தார்கள். அதிலே ராஜ ரத்தத்தையும் காணவில்லை, ஜாதியையும் காணவில்லை, மனிதனைத்தான் கண்டார்கள்.

தோழர்களே! அந்த மூன்று கேள்விகளையும் இன்று ராத்திரி உங்கள் வீட்டிலே கேளுங்கள். கிளைக் கூட்டத்திலே கேளுங்கள், படிப்பகத்திலே கேளுங்கள். தவறாகச் சொல்பவரைக் கேலி செய்யாதீர்கள். பக்கத்திலே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்கள். மூன்றுக்கும் சரியாக விடை சொல்லும் வீட்டிலே மருமகள் அழமாட்டாள். அந்தத் தெருவிலே தனி டம்ளர் இருக்காது. அங்கே பிறக்கும் பிள்ளை பெண்ணானாலும் ஆணானாலும் வரவேற்புப் பெறும். ஹால்டேனுக்கு நாம் வைக்கும் சிலை அதுவாகட்டும்!